பரிணாமத்தோடு ‘வளர்ச்சி’ எதற்கு?

போன மாதம் ஆதிமனிதர் வரலாற்றைச் சொல்லும் மரோபெங் கண்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். டர்பனிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால்தான் மதியத்துக்குள் போய்ச் சேரலாம், அவ்வளவு தூரம். சென்னையிலிருந்து வந்திருந்த மச்சான், என் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர், அப்புறம் நான். வெளியிலிருந்து பார்த்தால் புல் முளைத்த மண்மேடு மாதிரி இருக்கும் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததும், பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கட்டுமே என்று மச்சான் ஆங்கிலப் பலகைகளைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். நல்ல மனசு. ஆனால் முதல் பலகையிலேயே "இதுதான்டா மனுஷனோட பரிமாண வளர்ச்சி" என்றார். இரண்டாவதிலும் அதே. மூன்றாவதில் என்னால் பொறுக்க முடியவில்லை. "மச்சான், பரிமாணம்னா நீளம் அகலம் உயரம். நீங்க சொல்ல வந்தது பரிணாமம்" என்றேன். "ஆமாமா, பரிணாம வளர்ச்சி" என்று உடனே திருத்திக்கொண்டார்.

‘பரிமாணம்’ வெறும் வாய்க்குழறல், சொன்னால் திருந்திவிடும். திருந்தாதது அந்தப் பின்னொட்டு. ‘வளர்ச்சி’ இல்லாமல் ‘பரிணாமம்’ என்ற சொல்லை நான் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று. செய்தியில், யூடியூபில், பாடக்குறிப்பில், கோயில் மண்டபத்துச் சொற்பொழிவில், எங்கே பார்த்தாலும் இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளை மாதிரியே வருகின்றன. அது என்ன கெடுதல் செய்யும் என்பதை அன்றைக்கே நேரில் பார்த்தேன். நலேடி என்ற, அழிந்துபோன மனித இனத்தைப் பற்றிய பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு பதினோரு வயதுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "இவங்க ஏன் அங்கிள் வளரவே இல்ல?"

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பரிணாமத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘எவல்யூஷன்’ லத்தீனிலிருந்து வந்தது. சுருட்டி வைத்த ஏட்டை விரிப்பதுதான் அதன் மூலப்பொருள். ஏற்கெனவே உள்ளே எழுதியிருப்பது ஒவ்வொரு வரியாக வெளியே வரும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. டார்வினுக்கு முன்னால், கருவுக்குள் முழு உருவமும் மடங்கிக் கிடக்கிறது, அது விரிந்துதான் பிள்ளையாகிறது என்று நம்பியவர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். டார்வின் 1859இல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய தன் நூலை வெளியிட்டபோது அந்தப் பெயர்ச்சொல்லை அதில் எங்கேயும் எழுதவில்லை. அதன் வினை வடிவம் மட்டும் நூலின் கடைசிச் சொல்லாக வருகிறது. அவர் விரும்பி எழுதியது வேறொரு தொடர்: ‘மாற்றத்தோடு கூடிய வழிவருகை’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். ‘எவல்யூஷன்’ பரவியதில் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சருக்குப் பெரிய பங்கு உண்டு, டார்வின் பின்னால்தான் அதை எடுத்துக்கொண்டார். ஆக, மூலச்சொல்லே கொஞ்சம் கோணல்தான். நாம் அந்தக் கோணலைத் தமிழில் இரட்டிப்பாக்கிவிட்டோம்.

‘பரிணாமம்’ வடசொல். ஒன்று தன் நிலை மாறி வேறொன்றாவது என்பது பொருள். சாங்கியத் தத்துவத்தில் அதற்குச் சொல்லும் பழைய உதாரணம், பால் தயிராவது. இதில் ஏறுமுகமும் இல்லை, இறங்குமுகமும் இல்லை, மாறுகிறது, அவ்வளவுதான். வடசொல் என்பதற்காக நான் அதை வெறுக்கவில்லை, பொருள் சரியாக இருக்கிறது. ஆனால் தமிழ் பேசுகிறவர்களுக்கு அந்தப் பொருள் காதில் விழுவதில்லை. விழாததால்தான் யாரோ விளக்கத்துக்காக ‘வளர்ச்சி’யை ஒட்ட வைத்தார்கள், விளக்க வந்தது பொருளையே தின்றுவிட்டது. "பேச்சாளர் தலைவராகப் பரிணமித்தார்" என்று எழுதுகிறார்களே, அதுவும் இதே நோய்தான். பரிணமித்தல் என்றால் உயர்தல் என்றே இப்போது எல்லாரும் நினைக்கிறார்கள்.

தனித்தமிழ்ப் பக்கம் போனால் அங்கே ‘படிவளர்ச்சி’. எனக்கு உண்மையான சண்டை இந்தச் சொல்லோடுதான். வடசொல்லை எடுத்துவிட்டோம் என்ற திருப்தியில், எடுக்க வேண்டியதை விட்டுவிட்டு இருக்கக்கூடாததை வைத்துக்கொண்டார்கள். ‘வளர்ச்சி’ அப்படியே இருக்கிறது, போதாதென்று முன்னால் ‘படி’ வேறு. படி என்றதும் மனசில் ஏணி வந்து நிற்கிறது: கீழ்ப்படியில் குரங்கு, நடுவில் கூன் போட்ட ஆள், மேல்படியில் நிமிர்ந்து நிற்கும் நாம். சட்டையிலும் சுவரிலும் அச்சடித்து வைத்திருக்கிறார்களே அந்த வரிசைப் படம், அதைச் சொல்லாக்கினால் ‘படிவளர்ச்சி’தான் கிடைக்கும். ‘படிமலர்ச்சி’ என்று அழகுபடுத்தினாலும் ஏணி போவதில்லை, ஏணிக்குப் பூ சுற்றியதுதான் மிச்சம். ‘படி’ என்பதற்குப் பிரதி என்ற பொருளும் உண்டு, ‘படி எடுப்பது’ என்கிறோம். தலைமுறைக்குத் தலைமுறை மரபுச் செய்தி படியெடுக்கப்படுகிறது, அந்தப் படியெடுப்பில் பிழை விழுகிறது என்ற அர்த்தத்தில் யாராவது ‘படி’யை வைத்திருந்தால் காலில் விழுந்து கும்பிடுவேன். அப்படி யாரும் வைக்கவில்லை, படிக்கிறவர்களும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை.

ஏணி ஏன் தப்பு என்பதற்கு எங்கள் நாட்டு மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. 1924இல் டாவுங் சுண்ணாம்புக் கல்குவாரியிலிருந்து ஒரு குழந்தையின் மண்டையோடு உடற்கூறியல் பேராசிரியர் ரேமண்ட் டார்ட்டின் கைக்கு வந்தது. மூளை சின்னது, ஆனால் தண்டுவடம் மண்டைக்குள் நுழையும் துளை அடிப்பக்கம் இருந்தது. அப்படியென்றால் தலை முதுகெலும்பின் மேல் நேராக உட்கார்ந்திருக்கிறது, இது இரண்டு காலில் நடந்த உயிர். 1925 பிப்ரவரியில் அவர் அதை வெளியிட்டபோது இங்கிலாந்துப் பெரியவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏனென்றால் அவர்களிடம் 1912இலேயே, இங்கிலாந்தில் கிடைத்ததாகச் சொன்ன பில்ட்டௌன் மண்டையோடு இருந்தது: பெரிய மூளை, குரங்குத் தாடை. முதலில் மூளை வளரும், மற்றதெல்லாம் பின்னால் வரும் என்ற அவர்களுடைய ஏணிக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. 1953இல் அது மனித மண்டையோட்டையும் உராங்குட்டான் தாடையையும் சேர்த்துச் செய்த மோசடி என்று தெரிந்தது. இருபது வருஷத்துக்கும் மேல் டாவுங் குழந்தை ஓரத்தில் கிடந்ததற்கு அந்த ஏணி முக்கியக் காரணம்.

நலேடி இன்னும் தெளிவான சாட்சி. 2013இல் ரைசிங் ஸ்டார் குகைக்குள்ளே, ஓர் ஆள் மூச்சை அடக்கிக்கொண்டு நுழைய வேண்டிய இடுக்கு வழியாகச் சின்ன உடம்புள்ள ஆறு பெண் ஆய்வாளர்கள் இறங்கி எடுத்த எலும்புகள். 1,500க்கும் மேல், குறைந்தது 15 பேருடையவை. சோத்தோ மொழியில் நலேடி என்றால் நட்சத்திரம். மூளை நம்முடையதில் பாதிக்கும் குறைவு. இவ்வளவு சின்ன மூளை என்றால் இருபது லட்சம் வருஷமாவது பழையதாக இருக்கும் என்று பலர் நினைத்தார்கள். காலத்தை அளந்து பார்த்தால் 3,35,000 முதல் 2,36,000 வருஷத்துக்குள். அதாவது மொராக்கோவில் ஜெபல் இர்ஹூத்தில் நம் இனத்தின் தொடக்ககால மனிதர்கள் வாழ்ந்துகொண்டிருந்த அதே காலகட்டம். ஏணியில் இவர்களை எந்தப் படியில் நிறுத்துவது? நிறுத்த முடியாது. அது ஏணியே இல்லை, கிளைவிட்ட மரம். அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு ‘வளர்ச்சி’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு பதில் சொல்லவே முடியாது.

தென்னாப்பிரிக்காவில் இருக்கிற நமக்கு இன்னொரு காரணமும் உண்டு, இதை நான் அழுத்தியே சொல்வேன். மக்கள் கூட்டங்களை முன்னே வளர்ந்தவர், பின்தங்கியவர் என்று படியில் அடுக்கியது என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். அந்த நிறவெறி ஆட்சி தன் கொள்கைக்கு வைத்துக்கொண்ட கௌரவமான பெயரே ‘தனித்தனி வளர்ச்சி’. அந்த வளர்ச்சியில்தான் என் அப்பாவின் குடும்பம் கேட்டோ மேனரிலிருந்து மூட்டை முடிச்சோடு சாட்ஸ்வர்த்துக்கு வந்து சேர்ந்தது. அந்தக் காலப் பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடமே கிடையாது, 12ஆம் வகுப்புக்கு அது வந்தது 2008இல்தான். இவ்வளவு தாமதமாக வந்த பாடத்தைப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லும்போது, அதே ஏணியைச் சொல்லுக்குள் ஒளித்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

இலங்கைப் பாடநூல்களில் ‘கூர்ப்பு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல், சின்னது, தமிழ், வாய்க்கு வரும். தொல்காப்பியமே அதற்கு ‘உள்ளது சிறக்கும்’ என்று பொருள் சொல்கிறது. ஆனால் அதுதான் சிக்கலும். சிறப்பது மட்டும் நடந்திருந்தால் சரி. இருட்டுக் குகை மீன் கண்ணை இழக்கிறது, நம் வால் போய்விட்டது, ஞானப் பல்லுக்கு இடமில்லாமல் நம்மில் பலர் பல் டாக்டரிடம் போய் நிற்கிறோம். இழப்பதும் இதன் பாதி வேலை. ‘படிவளர்ச்சி’, ‘கூர்ப்பு’ இரண்டில் ஒன்றை எடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு கூர்ப்பை எடுப்பேன், அதில் சந்தேகமில்லை.

நான் வகுப்பில் பயன்படுத்துவது ‘வழித்திரிபு’. திரிபு நம் இலக்கணத்துக்குள்ளேயே பழுத்த சொல். சொற்கள் சேரும்போது எழுத்து எப்படித் திரியும் என்பதற்குத் தொல்காப்பியம் மூன்று வழி சொல்கிறது: மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல். பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம், ஓர் எழுத்து வேறாகிவிட்டது. பூவும் பந்தலும் பூப்பந்தல், ஓர் எழுத்து கூடிவிட்டது. மரமும் வேரும் மரவேர், ஓர் எழுத்து போய்விட்டது. டி.என்.ஏ.வில் நடப்பதும் இதுவேதான்: ஓர் எழுத்து வேறாகும், நடுவில் நுழையும், விடுபடும். 2021 நவம்பரில் இங்கிருந்து உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதே ஓமைக்ரான், அதன் முள் புரதத்தில் இந்த மூன்றுமே இருந்தன. பலகையில் பொற்குடம், பூப்பந்தல், மரவேர் என்று எழுதிக் காட்டினேன், அந்த நாலு பிள்ளைகளுக்கும் அரை மணி நேரத்தில் மரபுத்திரிபு புரிந்தது. ‘பரிணாம வளர்ச்சி’யை வைத்து இரண்டு வருஷமாகப் புரியாதது. முக்கியமாக, கூடுவதும் திரிபு, குறைவதும் திரிபு. ‘வளர்ச்சி’க்கு அந்தக் குன்றலைச் சொல்ல வாயே கிடையாது.

‘வழி’ பரம்பரையைக் குறிக்கும், வழித்தோன்றல் என்கிறோமே அதே வழி. டார்வின் முதலில் எழுதிய தொடரின் இரண்டு பாதியும் இதில் வந்துவிடுகின்றன. ஒருமுறை நடக்கும் மாற்றம் திரிபு, தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வருவது வழித்திரிபு.

திரிபு என்றால் கெட்டுப்போனது என்றுதானே அர்த்தம், பால் திரிந்துவிட்டது என்கிறோமே என்று மச்சான் வண்டியில் வரும்போது கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் குறளில் ‘நிலத்தியல்பால் நீர்திரிந்து’ என்று வருகிறது. செம்மண்ணில் விழுந்தால் ஒரு நிறம், உவர்மண்ணில் விழுந்தால் ஒரு சுவை, விழுந்த இடத்துக்கு ஏற்ப நீர் மாறுகிறது. சூழலுக்கு ஏற்ப உயிர் மாறுவதற்கு இதைவிடப் பொருத்தமான வினைச்சொல் எந்த மொழியில் இருக்கிறது? பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் குழந்தைப் பருவம் தாண்டினால் பால் செரிக்கும் திறன் குறைந்துவிடும், மனிதரிலும் உலகத்தில் பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான். மாடு மேய்க்கத் தொடங்கிய பிறகு சில கூட்டங்களில் ஒரே ஓர் எழுத்துத் திரிபு அந்தத் திறனை நிறுத்தாமல் வைத்தது, ஐரோப்பாவில் ஓர் எழுத்து, கிழக்கு ஆப்பிரிக்காவில் வேறோர் எழுத்து. அந்தக் கிழக்கு ஆப்பிரிக்கத் திரிபு இங்கே தென் ஆப்பிரிக்கப் பூர்வகுடிகளான நாமா மக்களிடமும் இருக்கிறது, மேய்ச்சல்காரர்களோடு தெற்கே நடந்து வந்தது. பால் செரிக்கிறவர் வளர்ந்தவர், செரிக்காதவர் வளராதவர் என்று யாராவது சொல்வார்களா? அவரவர் முன்னோர் எங்கே எப்படிப் பிழைத்தார்கள் என்பதைத்தான் அது காட்டுகிறது.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குள்ள வருத்தம் இதுதான். ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கிடைப்பதை எடுத்து ஒட்டுகிறார்கள், அந்த விஷயம் எப்படி நடக்கிறது என்று ஒரு பத்தி படித்துப் பார்ப்பதில்லை. ‘இயற்கைத் தேர்வு’ என்று நல்ல சொல் இருக்கும்போது ‘வல்லவன் வாழ்வான்’ என்று எழுதுகிறவர்களும் இதே ஆட்கள்தான். வல்லவன் எங்கே வந்தான் இதில்? ஓட்டைப் பல்லோடும் ஒல்லிக் காலோடும் நாலு பிள்ளை பெற்று வளர்த்தவன்தான் நம் முன்னோன்.

‘வழித்திரிபு’ பிடிக்காதவர்கள் ‘பரிணாமம்’ என்றே எழுதட்டும், ‘கூர்ப்பு’ என்று எழுதட்டும், நான் வழக்குக்கு வரமாட்டேன். பின்னால் அந்த ‘வளர்ச்சி’யை மட்டும் வெட்டிவிட்டு எழுதுங்கள். அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண் வகுப்புக்கு வந்ததும் நானே அவளுடைய கேள்விக்குத் திரும்பப் போனேன். "நலேடி வளராம நிக்கல கண்ணு, அவங்க ஒரு பக்கம் திரிஞ்சாங்க, நாம ஒரு பக்கம் திரிஞ்சோம்" என்றேன். "அப்போ ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இருந்தாங்களா, பாத்திருப்பாங்களா?" என்று கேட்டாள்.