கர்ப்பப்பைக் கட்டிக்குக் காப்பீட்டு அட்டை எப்படி உதவும்?

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் சிலர், மாதவிலக்கு நாளில் எழுந்திருக்கவே தயங்குவார்கள். சேலையில் கறை பட்டிருக்குமோ என்ற பயம். மாதவிலக்கில் அளவுக்கு மீறி உதிரம் போவதை நம் பாட்டிமார் 'பெரும்பாடு' என்றார்கள். பொறுத்துக்கொண்டே இருந்தால் இரத்தசோகைதான் மிஞ்சும். பலருக்கு இதன் காரணம் கர்ப்பப்பையின் தசைச் சுவரில் வளரும் நார்க்கட்டி. அது புற்றுநோய் அல்ல.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி எனப்படும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ மகளிர் நோய்ப் பிரிவில் காட்டுங்கள். வயிற்று ஸ்கேனும் ஹீமோகுளோபின் பரிசோதனையும் முதல் படி. எந்தத் தேதியில் தொடங்கியது, எத்தனை நாள் போனது, உதிரம் உறைந்து கட்டியாக விழுந்ததா என்று காலண்டரில் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.

அறுவை தேவைப்பட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைதானா, உங்களுக்குச் சொன்ன சிகிச்சை அங்கே திட்டத்தில் உண்டா என்று 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்டுவிடுங்கள். அறுவைக்கு முன்பே மருத்துவமனை ஒப்புதல் வாங்க வேண்டும். நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டு, பிறகு அதைத் திட்டத்திலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பி இறங்காதீர்கள்.

அட்டை இருக்கிறது என்பதற்காகக் கர்ப்பப்பையை எடுக்க அவசரப்பட வேண்டாம். இதை நான் அழுத்தியே சொல்வேன். தொந்தரவு தராத சிறு கட்டியைக் கண்காணித்தாலே போதும். மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் சுருங்கிவிடும். உதிரத்தைக் குறைக்க மாத்திரைகள் உண்டு, ஹார்மோன் வெளியிடும் கருப்பைச் சாதனம் உண்டு. குழந்தை வேண்டுபவருக்குக் கட்டியை மட்டும் அகற்றலாம். தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. ஆகவே, "கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, வேறு வழி உண்டா, சினைப்பையையும் எடுப்பீர்களா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அறுவை முடிந்தால், அகற்றிய சதையின் திசுப் பரிசோதனை அறிக்கையை வாங்கி டிஸ்சார்ஜ் சீட்டோடு பத்திரமாக வையுங்கள்.