பதிலடி: ஒரே சொல்லில் இரண்டு வேலை

"தக்க பதிலடி கொடுக்கப்படும்." போர்ச் செய்தியானாலும் மேடைப் பேச்சானாலும் விளையாட்டுப் பக்கமானாலும் இந்த வாக்கியத்துக்குப் பஞ்சமில்லை. நாளும் புழங்கும் சொல் என்பதால் அதன் பொருளை யாரும் கேட்பதில்லை. கேட்டால் சிக்கல்தான். ஓங்கிய கையைத் தடுப்பதற்கும் பதிலடி என்கிறோம், அடித்துவிட்டுப் போனவனை மறுநாள் தேடிப்போய் அடிப்பதற்கும் பதிலடி என்கிறோம். சட்டத்தின் கண்ணிலும் அறத்தின் கண்ணிலும் இவை இரண்டும் வெவ்வேறு செயல்கள்.

சொல்லைப் பிரித்தால் பதில் + அடி. அடி நம்முடையது. 'பதில்' வெளியிலிருந்து வந்தது. அரபியில் 'பதல்' என்றால் மாற்று, ஒன்றுக்கு ஈடாக வைக்கும் மற்றொன்று. அது உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. "அவருக்குப் பதிலாக இவர் வந்தார்" என்று சொல்லும்போது அந்தப் பழைய பொருள் இன்னும் அப்படியே இருக்கிறது. கேள்விக்குத் தரும் விடையைப் பதில் என்பது அதன் நீட்சி. இதே வேரிலிருந்து இந்திக்குப் போன 'பத்லா' பழிவாங்கலைக் குறிக்கிறது. பஷ்தூன் மக்களின் மரபுநெறியில் 'பதல்' என்பதே பழி தீர்க்கும் கடமையின் பெயர். தமிழில் மட்டும் அது சாதுவான சொல்லாகிப் பள்ளிக்கூடத் தேர்வுத்தாளில் உட்கார்ந்துகொண்டது. ஆனால் 'அடி'யோடு சேர்ந்ததும் பழைய குணம் திரும்பிவிடுகிறது: வாங்கியதற்கு ஈடாகக் கொடுப்பது, கணக்கைத் தீர்ப்பது.

தற்காப்பில் இந்தக் கணக்குக்கு இடமில்லை. தன் + காப்பு, தற்காப்பு. "தற்காத்துத் தற்கொண்டாற் பேணி" என்று குறளில் (56) வரும் அதே 'தற்காத்தல்'. காப்பதற்கு எதிராளியிடம் ஏற்கெனவே வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை, அடி விழும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. உடலுக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சம் எழுந்த கணத்தில் தற்காப்புரிமை தொடங்குகிறது, அந்த அச்சம் இருக்கும்வரை நீடிக்கிறது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 102ஆம் பிரிவாக இருந்ததும் இதுவேதான். ஆகவே முதல் அடி உங்களுடையதாக இருந்தாலும் அது தற்காப்பாகலாம். கடைசி அடி உங்களுடையதாக இருந்தால்தான் பெரும்பாலும் வம்பு.

ஒரு காட்சியைப் பார்ப்போம். ஒருவன் சட்டைக் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்துகிறான், மறுகை முட்டியாக மடங்குகிறது. பிடிபட்டவர் அவன் மணிக்கட்டைத் திருகி, முழங்கையால் நெஞ்சில் இடித்துத் தள்ளுகிறார். அவன் தடுமாறி விழுகிறான். எழ முயலவில்லை. மூச்சு வாங்கியபடி கிடக்கிறான். வழி திறந்திருக்கிறது, போய்விடலாம். ஆனால் இவர் ஓரடி முன்னே வந்து விலாவில் ஒரு உதை விடுகிறார். திருகலும் இடியும் தற்காப்பு. உதை வேறு. பார்த்தவர்கள் மொத்தத்தையும் சேர்த்து "நல்ல பதிலடி" என்றுதான் சொல்வார்கள். நடுவில் கழிந்தது இரண்டு விநாடியாக இருக்கலாம், ஆனால் அந்த இரண்டு விநாடியில் ஆபத்து முடிந்துவிட்டது.

எவ்வளவு அடிக்கலாம் என்பதிலும் பலருக்குக் குழப்பம். "அவன் எவ்வளவு அடித்தானோ அவ்வளவுதான்" என்று நினைப்பவர்கள் ஏராளம். தற்காப்பின் அளவுகோல் அது இல்லை. வாங்கிய காயத்தை வைத்து அளப்பதில்லை. வரும் ஆபத்தை நிறுத்த எவ்வளவு தேவை என்பதே கேள்வி. சன்ஹிதாவின் 37ஆம் பிரிவு, தற்காப்புக்குத் தேவையானதைவிடக் கூடுதலான தீங்கு செய்ய உரிமை கிடையாது என்கிறது. காவல்துறையை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையே எழாது என்றும் சொல்கிறது. அடுத்த பிரிவு, உயிரைப் பறிக்கும் அளவுக்குக்கூடப் போகக்கூடிய சூழல்களைக் குறிப்பிடுகிறது: கொலை, கொடுங்காயம், வன்புணர்வு, கடத்தல், அமில வீச்சு போன்றவை. கத்தியோடு வருபவன் இன்னும் கீறவே இல்லை என்றாலும், அவன் கையை முறிப்பது அளவுக்குள் அடங்கலாம். ஓர் அறை விட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவன் முதுகில் கல்லை எறிவது அடங்காது.

உயிருக்குப் பயந்து நிற்பவர் தராசோடு நிற்க முடியுமா என்ற கேள்வியை நீதிமன்றங்கள் தட்டிக்கழிக்கவில்லை. 1921இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹோம்ஸ், ஓங்கிய கத்தியின் முன் நிற்பவரிடம் நிதானமான ஆலோசனையை எதிர்பார்க்க முடியாது என்று எழுதினார். ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 33ஆம் பிரிவு இன்னும் தாராளம்: குழப்பத்தாலும் அச்சத்தாலும் திகிலாலும் எல்லை மீறியவருக்குத் தண்டனை இல்லை. சினம் அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பயத்தில் மீறுவது ஒன்று, ஆத்திரத்தில் மீறுவது வேறொன்று. எனக்கு இது மிகச் சரியான வேறுபாடாகப் படுகிறது. நம் சட்டத்திலும் நல்லெண்ணத்தோடு, முன்திட்டமில்லாமல், தேவைக்கு மேல் தீங்கு செய்யும் எண்ணமில்லாமல் தற்காப்பில் எல்லை மீறி உயிர் போய்விட்டால் அது கொலை என்ற பிரிவில் வராது. ஆனாலும் குற்றம் குற்றமே, தண்டனையும் உண்டு.

பதிலடிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ரிட்டாலியேஷன்' லத்தீனிலிருந்து வந்தது. 'தாலியோ' என்றால் செய்ததற்கு நிகரானதைச் செய்வது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ரோமானியர் வகுத்த பன்னிரு பலகைச் சட்டத்தில் அந்தச் சொல் இருக்கிறது: ஒருவர் மற்றவரின் உறுப்பை ஊனமாக்கி, இருவரும் சமரசத்துக்கு வராவிட்டால், தாலியோ. சமரசம் முதலில், நிகரடி அப்புறம். கண்ணுக்குக் கண் என்பது வெறியின் முழக்கம் என்றே இன்று கேட்கிறது. உண்மையில் அது ஒரு கடிவாளமாகவும் இருந்தது. ஒரு கண்ணுக்கு ஒரு கண்தான், தலை கிடையாது. இந்த நிகர்நிலையும் எல்லோருக்கும் கிட்டவில்லை. பாபிலோனிய மன்னன் ஹமுராபியின் சட்டத்தில், மேல்நிலையில் இருப்பவன் தன்னை ஒத்தவனின் கண்ணைக் கெடுத்தால் தன் கண்ணை இழப்பான். சாமானியனின் கண்ணைக் கெடுத்தால் வெள்ளி கொடுத்துத் தப்பிக்கலாம்.

ஒரு நாடு மற்றொன்றுக்குத் தரும் பதிலடியைக் குறிக்கும் 'ரிப்ரைசல்' என்பது இன்னொரு சொல். அதன் வேர்ப்பொருள் திரும்ப எடுத்துக்கொள்வது. இதைப் படிக்கும்போது, போரின் கட்டங்களுக்குப் பூக்களின் பெயரிட்ட பழந்தமிழ்ப் புறத்திணை நினைவுக்கு வராமல் போகாது. பகைவரின் ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, கவர்வது வெட்சி, கவர்ந்ததை மீட்பது கரந்தை. தொல்காப்பியம் கரந்தையை வெட்சிக்குள்ளேயே அடக்குகிறது, புறப்பொருள் வெண்பாமாலை தனித்திணையாக்குகிறது. எப்படி வகுத்தாலும் கரந்தையின் இலக்கு போன மாடு. மாடு திரும்பிவிட்டால் வேலை முடிந்தது. எயிலை, அதாவது கோட்டையை, வளைப்பதற்கு உழிஞை, காப்பதற்கு நொச்சி என்று தாக்குதலுக்கும் காவலுக்கும் தனித்தனிப் பூச்சூடிய மரபு இது. எல்லாவற்றையும் பதிலடி என்ற ஒரே பூவால் அலங்கரிப்பது நம் காலத்துச் சோம்பல்.

நாடுகள் மோதும்போது இதே வேறுபாடு பெரிய எழுத்தில் வருகிறது. 1914 அக்டோபரில் போர்ச்சுகீசிய அங்கோலாவின் நவுலிலாவில் ஜெர்மானியர் மூவர் கொல்லப்பட்டனர். பேச்சு புரியாத குழப்பத்தில் நேர்ந்தது அது. பதிலுக்கு ஜெர்மானியப் படை பல போர்ச்சுகீசியக் காவல்நிலைகளைத் தாக்கி அழித்தது. இத்தகைய பதிலடி செல்லுபடியாக என்ன வேண்டும் என்று 1928இல் நடுவர் தீர்ப்பாயம் சொன்னது: முதலில் எதிர்த்தரப்பு சட்டத்தை மீறியிருக்க வேண்டும், பரிகாரம் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும், செய்வது நேர்ந்ததோடு அளவில் பொருந்த வேண்டும். மூன்றிலும் ஜெர்மனி தோற்றது. 1945ஆம் ஆண்டின் ஐ.நா. சாசனம் இன்னும் இறுக்கியது. ஆயுதத் தாக்குதலுக்கு உள்ளானால் தற்காத்துக்கொள்ளும் உரிமை 51ஆம் பிரிவில் இருக்கிறது. பழிதீர்க்கும் உரிமை எந்தப் பிரிவிலும் இல்லை. அதனால்தான் இன்று எந்த அரசும் உள்நாட்டு மேடையில் "பதிலடி" என்று முழங்கினாலும் ஐ.நா.வுக்கு எழுதும் கடிதத்தில் "தற்காப்பு" என்றே எழுதுகிறது.

இனி, சரியான தமிழ். திருப்பிச் செய்வது அளவோடு பொருந்த வேண்டும் என்ற 'ப்ரபோர்ஷனாலிட்டி'க்கு விகிதாசாரம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் நிறைவில்லை. அது எண்ணிக்கையை நினைவூட்டுகிறது: அங்கே பத்துப் பேர் செத்தால் இங்கே பத்துப் பேர். மேலே பார்த்தபடி தற்காப்பின் அளவு எண்ணிக்கையில் இல்லை. குறளில் நல்ல சொற்கள் கிடைக்கின்றன. "தக்காங்கு நாடித் தலைச்செல்லா வண்ணத்தால் ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து" (561). தகுதியாக ஆராய்ந்து, மீண்டும் நிகழாதபடி, குற்றத்துக்கு ஒத்த அளவில் தண்டிப்பவனே அரசன். அடுத்த குறளிலேயே "கடிதோச்சி மெல்ல எறிக", அதாவது ஓங்கும்போது கடுமை, விழும்போது மென்மை. இவை ஆராய நேரமுள்ள அரசனுக்குச் சொன்னவை, அடி வாங்கிக்கொண்டிருப்பவருக்குச் சொன்னவை அல்ல. எனவே தண்டனைக்கும் அரசுகளின் எதிர்நடவடிக்கைக்கும் 'ஒத்த அளவு' பொருந்தும். தற்காப்புக்கு 'தேவையளவு' என்பதே துல்லியம். அந்த அளவைத் தாண்டினால் 'மிகை வலு'.

பதிலடியை ஒதுக்க வேண்டியதில்லை, விளையாட்டுக்கும் பேச்சுச் சண்டைக்கும் அது பொருத்தமான சொல்தான். ஆபத்து நடக்கும்போது தடுத்ததைத் தற்காப்பு என்றும், முடிந்தபின் திருப்பிச் செய்ததைப் பழிவாங்கல் என்றும், பறிபோனதைப் பெற்றதை மீட்பு என்றும் எழுதலாம். செய்தி எழுதுபவருக்கு எது நடந்தது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் 'திருப்பித் தாக்கினர்' என்பது போதும். அதில் தீர்ப்பு ஏதும் ஒளிந்திருக்காது. 'தக்க' என்ற அடைமொழியை மட்டும் அறிக்கை விட்டவரின் மேற்கோள்குறிக்குள்ளேயே விட்டுவிடுவது நல்லது. தக்கதா இல்லையா என்பது தாக்கியவர் சொல்லி முடிவாகும் விஷயமல்ல.