இவருக்குப் பதில் இவர்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையோரம் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய அந்த நிறுவனத்தின் படம்தான் 1940-ல் வந்த 'உத்தமபுத்திரன்'. பி.யு.சின்னப்பா இரட்டையர் இருவராகவும் நடித்த படம். தமிழ் சினிமாவின் முதல் இரட்டை வேடம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஒரே முகம், இரண்டு ஆள். தமிழ் ரசிகருக்கு அதில் என்றைக்குமே குழப்பம் இருந்ததில்லை. மீசையும் நடையும் மாறினால் போதும், நிற்பது அண்ணனா தம்பியா என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

அதையே திருப்பிப் போட்டால் வீட்டில் சண்டை வருகிறது. ஆள் ஒன்று, முகம் இரண்டு.

என் அக்கா மகன் பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானக் கதைத் தொடரைப் பார்க்க உட்கார்ந்தான். நாயகனான 'டாக்டராக' மாட் ஸ்மித் வரும் 2010-ஆம் ஆண்டு சீசனில் ஆரம்பித்து, கன்னங்குறிச்சி வீட்டின் கூடத்தில் இரவு பகலாகப் பார்த்தான். 2013 கிறிஸ்துமஸ் அத்தியாயத்தின் கடைசி நிமிடத்தில் மாட் ஸ்மித் போய், அதே டாக்டராக, நரைத்த தலையோடு பீட்டர் கபால்டி வந்து நின்றார். லேப்டாப்பை மூடிவிட்டான். "இது அவர் இல்லீங்க சித்தி. நான் பாக்க மாட்டேன்." குரல் உண்மையாகவே கம்மியிருந்தது. பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் அம்மா, அதாவது அவனுடைய ஆயா, நிமிராமலே சொன்னார்: "எங்க நாடகத்துலயுந்தான் 'இவருக்குப் பதில் இவர்'னு எழுத்துப் போடறான். ஒரு மாசம் பல்லக் கடிச்சுக்கிட்டுப் பாரு. அப்புறம் பழைய மூஞ்சி நெனப்புக்கே வராது."

இருவர் சொன்னதும் சரி. அவன் கோபமும் மூளையிலிருந்து வருகிறது, ஆயா சொன்ன அந்த ஒரு மாதமும் மூளையிலிருந்துதான் வருகிறது.

முதலில் முகம். காதையொட்டிய மூளை மடலின் அடிப்பக்கத்தில், பெரும்பாலோருக்கு வலப்புறம் கூடுதலாக, முகங்களுக்கென்றே துடிக்கும் ஒரு சிறு பகுதி இருப்பதை நான்சி கான்விஷரும் அவருடைய சகாக்களும் 1997-ல் ஸ்கேன் மூலம் காட்டினார்கள். முகம் ஒன்று கண்ணில் பட்டு ஒரு நொடியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கழிந்ததுமே, சுமார் 170 மில்லிநொடியில், மண்டையின் மேல் ஒட்டிய மின்முனைகளில் அதன் அலை தெரிகிறது. இவ்வளவு வேகமான கருவி எப்போதும் துல்லியமாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? அப்படியில்லை. டேனியல் லெவினும் டேனியல் சைமன்ஸும் 1997-ல் ஒரு குட்டிப் படம் எடுத்துக் காட்டினார்கள். ஒருவர் மேசையிலிருந்து எழுகிறார், காட்சி வெட்டுகிறது, போனை எடுப்பவர் வேறொரு நடிகர், வேறு உடை. பார்த்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் ஆள் மாறியதைச் சொன்னார்கள்.

அந்த நடிகர்கள் அவர்களுக்கு அந்நியர்கள் என்பதுதான் காரணம். 2011-ல் ராப் ஜென்கின்ஸ் குழுவினர் நெதர்லாந்தின் இரண்டு பிரபலங்களுடைய படங்களை, ஆளுக்கு இருபதாக, நாற்பது எடுத்துக் கலந்து பிரிட்டிஷ்காரர்களிடம் கொடுத்து, ஆள்வாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். சராசரியாக ஏழெட்டு ஆட்களாகப் பிரித்தார்கள். வெளிச்சம் மாறினால், முடி வெட்டினால் வேறு ஆள் என்று நினைத்துவிட்டார்கள். அந்தப் பிரபலங்களை அறிந்த டச்சுக்காரர்களோ இரண்டே குவியலாகப் பிரித்துவிட்டார்கள். ஆக, முகத்தைப் பார்ப்பது ஒரு திறமை, ஒரு முகத்தைப் பழகுவது வேறொரு திறமை. பழகிய முகத்தை அழுகையிலும் சிரிப்பிலும் அரையிருட்டிலும் பார்த்துப் பார்த்து, அது எப்படியெல்லாம் மாறும் என்பதை மூளை கற்றுவைத்திருக்கிறது. மூன்று சீசன் பார்த்த பையன் மாட் ஸ்மித்தின் முகத்தில் தேர்ந்தவன். அந்தத் தேர்ச்சி இல்லாதவருக்கு அவன் கோபம் அதிகப்படியாகத்தான் தெரியும்.

ஆனால் நமக்குள் இருக்கும் 'டாக்டர்' வெறும் முகம் அல்ல. இதை 2005-ல் ரோட்ரிகோ கியான் கிரோகாவின் குழு நேரடியாகவே பார்த்தது. வலிப்பு நோய்க்கான சிகிச்சைக்காக மூளைக்குள் மெல்லிய மின்முனை வைக்கப்பட்ட நோயாளிகளிடம் படங்களைக் காட்டினார்கள். ஒருவருக்கு, ஒரே ஒரு நரம்புச் செல், நடிகை ஹாலி பெர்ரியின் படங்களுக்குத் துடித்தது. முகமூடி போட்ட பூனைப்பெண் வேடத்தில் காட்டினாலும் துடித்தது. படமே இல்லாமல் அவர் பெயரை எழுத்தில் காட்டினாலும் துடித்தது. பின்னால் வந்த ஆய்வில் இன்னொருவருடைய செல் 'ஸ்டார் வார்ஸ்' நாயகன் லூக் ஸ்கைவாக்கரின் படத்துக்கும், பெயரைப் படித்தாலும், பெயரைக் காதால் கேட்டாலும் துடித்ததோடு, அவனுடைய குரு யோடாவுக்கும் துடித்தது. பச்சைத் தோலும் நீண்ட காதுமுள்ள யோடாவுக்கும் லூக்குக்கும் முக ஒற்றுமை எள்ளளவும் கிடையாது. கதையில் இருவரும் சேர்ந்திருப்பதுதான் ஒற்றுமை.

பூக்கட்டும்போது போடுகிற முடிச்சைப் போல இதை நான் நினைத்துக்கொள்கிறேன். முகம் ஓர் இழை. குரல் ஓர் இழை. நடை, பேசும் தினுசு, கூட நிற்பவர்கள், நடந்த கதை எல்லாம் தனித்தனி இழைகள். எல்லாம் வந்து சேரும் முடிச்சுத்தான் 'அந்த ஆள்'. ஏற்காட்டில் பனி இறங்கிய காலையில் ஏரிச்சாலையில் முகம் தெரியாது; ஆனாலும் எதிரே வருவது யாரென்று நடையை வைத்தே சொல்லிவிடுவார்கள். ஒரு இழையைப் பிடித்து இழுத்தாலும் முழு முடிச்சும் வந்துவிடுகிறது.

இதில் இன்னொரு இழை இருக்கிறது, கோபத்துக்கு வேர் அதுதான். பழகிய முகத்தைக் கண்டதும் 'இன்னார்' என்ற அறிவு வருவதோடு, 'நம்ம ஆள்' என்ற ஒரு கதகதப்பும் வருகிறது. இவை இரண்டும் வெவ்வேறு வழியாக வருகின்றன. 1923-ல் பிரெஞ்சு மருத்துவர் ஜோசப் காப்கிரா விவரித்த ஒரு கோளாறில் அறிவின் வழி திறந்திருக்க, கதகதப்பின் வழி அடைபட்டுவிடுகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு கலிபோர்னியாவில் ஆய்வு செய்த வி.எஸ்.ராமச்சந்திரனிடம் அப்படியொரு இளைஞர் வந்தார். விபத்தில் தலையில் அடிபட்டவர். தன் தாயைப் பார்த்து, "அச்சாக அம்மா மாதிரியேதான் இருக்கிறார், ஆனால் இவர் அம்மா இல்லை, வேஷக்காரி" என்ற பொருளில் சொன்னார். உள்ளங்கை வியர்வையை அளந்தபோது, பெற்றோரின் படத்துக்கு வழக்கமாக வரவேண்டிய சலனம் வரவில்லை. ஆனால் அதே பெற்றோர் போனில் பேசினால் உடனே அடையாளம் கண்டு அன்பாகப் பேசினார். கண்ணிலிருந்து போகும் பாதை அறுந்திருந்தது. காதிலிருந்து போகும் பாதை நன்றாக இருந்தது.

அக்கா மகனுக்கு எந்தக் கோளாறும் இல்லை. ஆனால் அவன் வாயில் வந்ததும் "இது அவர் இல்லை" என்ற வாக்கியம்தான். கதை 'இவர்தான் டாக்டர்' என்று பெயரைச் சொல்கிறது, கதகதப்பு வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் விழுந்த அந்த இடைவெளியை மூளை சும்மா விடாது. யாரோ நம் ஆளுடைய இடத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எச்சரிக்கும். திரையில் வருபவரோடு நமக்கு உண்டாகும் ஒருதலைப் பழக்கத்தைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956-லேயே எழுதினார்கள். அவர் நம்மை அறியமாட்டார். ஆனால் நம் பக்கத்தில் அந்தப் பழக்கம் நிஜம். அது அறுபடும்போது வருவது துக்கம். இதைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்குகிறவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை.

'டாக்டர் ஹூ' இந்த எச்சரிக்கையை எப்படிக் கையாண்டது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1963-ல் தொடங்கிய தொடர் அது. முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெல் உடல்நலம் குன்றி 1966-ல் விலக வேண்டி வந்தது. நாயகன் வேற்றுக்கிரகத்தவன், சாகும் தறுவாயில் உடம்பைப் புதுப்பித்துக்கொள்வான் என்று கதையிலேயே வைத்தார்கள். பேட்ரிக் ட்ரௌட்டன் வந்தார். அவர் வந்த முதல் கதையில், கூடப் பயணிக்கும் பென் என்ற மாலுமி "இவர் டாக்டர் இல்லை" என்று முறைத்துக்கொண்டே இருக்கிறான். கூட இருக்கும் பாலி என்ற பெண் நம்புகிறாள். ஆனால் பரம விரோதியான டாலெக் இயந்திரம் ஒன்று புது முகத்தைப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்கிறது. நண்பனுக்கு வந்த சந்தேகம் விரோதிக்கு வரவில்லை! வீட்டில் உட்கார்ந்திருப்பவருடைய சந்தேகத்தை ஒரு பாத்திரத்தின் வாயில் கொடுத்துப் பேசவிட்டார்கள். எங்கள் நாடகங்களில் ஒரு வரி எழுத்தாக ஓடும் 'இவருக்குப் பதில் இவர்', அங்கே ஆறு வாரக் கதையாக ஆனது.

2014-ல் கபால்டியின் முதல் அத்தியாயத்தில் இன்னும் நுட்பமாகச் செய்தார்கள். தோழி கிளாரா, கிழவராகிவிட்ட டாக்டரை ஏற்க முடியாமல் தவிக்கிறாள். முடிவில் அவளுக்கு ஒரு போன் வருகிறது. பேசுபவர் பழைய டாக்டர், மாட் ஸ்மித். முகம் மாறுவதற்கு முன்பே செய்த அழைப்பு. புது ஆள் பயந்துபோயிருக்கிறான், அவனுக்குத் துணையாக இரு என்று கேட்டுக்கொள்கிறார். பழைய குரல் என்ற இழையை எடுத்துப் புது முகத்தோடு சேர்த்துக் கட்டுகிற காட்சி அது. ராமச்சந்திரனின் நோயாளிக்குப் போன் செய்த வேலையை இங்கேயும் போனே செய்கிறது. ஆயாவின் வற்புறுத்தலில் திரும்ப உட்கார்ந்த பையன் இந்தக் காட்சியில் அழுதுவிட்டான்.

இப்படிக் கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் இரண்டாம் சீசனில், 1988-ல், டாக்டர் கிரஷரை எடுத்துவிட்டு டாக்டர் புலாஸ்கி என்ற புதுப் பாத்திரத்தைக் கொண்டுவந்தார்கள். வந்ததும் வராததுமாக, எல்லோருக்கும் செல்லமான இயந்திர மனிதன் டேட்டாவின் பெயரைத் தப்பாக உச்சரித்து, அது என்ன பெரிய வித்தியாசம் என்றார். புதிதாக வந்த மருமகள் வீட்டுக் கடைக்குட்டியைக் கிள்ளிய கதைதான். ஒரு சீசனோடு போய்விட்டார், கிரஷர் திரும்பினார். நடித்த டயானா மல்டாரின் மேல் ஒரு குறையும் இல்லை, எழுதினவர்கள்தான் முடிச்சு விழ இடம் தரவில்லை என்பது என் எண்ணம். அதே வரிசையில் வந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடர் 1998-ல் ஜாட்சியா டாக்ஸ் என்ற பாத்திரத்தைக் கொன்று, அவளுக்குள் வாழ்ந்து அவள் நினைவுகளைச் சுமந்த உயிரியை எஸ்ரி என்ற வேறு பெண்ணுக்குள் கொண்டுவந்தது. ஜாட்சியாவின் கணவன் வோர்ஃப் எஸ்ரியின் முகத்தைப் பார்க்கவே மறுக்கிறான். நம் சார்பில் துக்கம் காக்க அங்கே ஒருவன் இருந்தான்.

'பாபிலோன் 5' என்ற இன்னொரு விண்வெளித் தொடரைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. முதல் சீசனின் தளபதி சின்க்ளேராக நடித்த மைக்கேல் ஓ'ஹேர் விலகி, 1994-ல் ஷெரிடன் என்ற புதுத் தளபதி வந்தார். யார் சிறந்தவர் என்று ரசிகர்கள் வருடக்கணக்கில் வாதாடினார்கள். ஓ'ஹேர் அப்போது கடும் மனநோயோடு போராடிக்கொண்டிருந்தார் என்பது 2012-ல் அவர் இறந்த பிறகே, அவர் சொல்லிவைத்தபடி, தொடரின் படைப்பாளி ஸ்ட்ராசின்ஸ்கி மூலம் வெளியே தெரிந்தது. இடையில் 1996-ல் அவர் ஒருமுறை திரும்பி வந்து சின்க்ளேரின் கதையை முடித்துக் கொடுத்திருந்தார். இப்போது அந்த அத்தியாயங்களைப் பார்ப்பவருக்கு அந்த முகம் வேறு முகம். ஒரு இழை கூடிவிட்டதே.

ஒரே நடிகர் பல வேடத்தில் திரும்பத் திரும்ப வருவது இதன் மறுபக்கம். மார்க் லெனார்ட் 1966-ல் 'ஸ்டார் ட்ரெக்'கில் எதிரிக் கப்பலின் தளபதி. மறுவருடமே, நாயகர்களில் ஒருவரான ஸ்பாக்கின் தகப்பனார். ஜெஃப்ரி கோம்ஸ் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் வெயூன், பிரண்ட் என்று இரண்டு இனத்து ஆட்களாக வருகிறார். 1999-ல் ஒரே அத்தியாயத்தில் இரண்டுமாகவே வந்தார். முகத்தை ரப்பர் ஒப்பனை மறைத்துவிடும். குரலை எதைக்கொண்டு மறைப்பது? ரசிகர்கள் அவரைக் காதால்தான் பிடிக்கிறார்கள். ஆனாலும் யாரும் கோபப்படுவதில்லை, கொண்டாடுகிறார்கள். எந்த ஆளும் பறிபோகவில்லை என்பதால்தான் என்று நினைக்கிறேன். சேலம், தருமபுரிப் பக்கத்துக் கூத்தில் கட்டியங்காரன் விடிய விடிய எத்தனை ஆளாக வருகிறான்! வாயிற்காப்பவன், தூதுவன், சேவகன் எல்லாம் அவன்தான். திரைக்குப் பின்னாலிருந்து அவன் குரல் கேட்டதுமே கூட்டம் நிமிர்ந்து உட்காரும். மொழிமாற்றுப் படம் பார்த்து வளர்ந்த நமக்குக் குரலிழையின் பலம் தனியாகவே தெரியும். நாயகனுக்கு வழக்கமாகப் பேசுபவரின் குரல் மாறினால், முகம் அதேதான் என்றாலும் படம் ஒட்டாது.

ஆயா சொன்ன கெடு சரியாகத்தான் இருந்தது. புது இணைப்பைக் கட்ட அந்தச் செல்களுக்குச் சில தடவை சேர்த்துப் பார்த்தாலே போதும் என்று கியான் கிரோகாவின் சகாக்களுடைய 2015 ஆய்வு சொல்கிறது. கதகதப்புத்தான் மெதுவாக வரும்; திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதாலேயே பிடித்துப்போகும் என்பதை ராபர்ட் சயன்ஸ் 1968-ல் காட்டினார். ஐந்தாறு அத்தியாயம் தாண்டியதும் பையன் வாயில் 'கபால்டி' போய் 'டாக்டர்' வந்துவிட்டது.

விடுமுறை முடியும் நேரத்தில், விட்டுப்போன பழைய சீசன்களையும் பார்க்கலாம் என்று பின்னால் போனான். சேர்வராயன் மலை மேகத்துக்குள் போயிருந்த ஒரு மாலை. 2008-ல் வந்த பாம்பேய் நகரத்துக் கதை ஓடியது. அதில் டாக்டர் டேவிட் டென்னன்ட். எரிமலை வெடிக்கப்போகும் ஊரில் ஒரு சலவைக்கல் வியாபாரி, மனைவி பிள்ளைகளோடு. அந்த வியாபாரி பீட்டர் கபால்டி, டாக்டராவதற்கு ஐந்து வருடம் முந்தி. அதே அத்தியாயத்தில் முகமெல்லாம் வெள்ளை பூசிக் குறி சொல்பவளாக வரும் கேரன் கில்லன் பின்னால் ஏமி என்ற தோழியாக வந்தவர். இரண்டரை சீசன் பார்த்தவன் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆனால் வியாபாரி திரும்பியதும் "ஆயா, டாக்டர்!" என்று கத்தினான். உண்மையான டாக்டர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்.

"ஏன்டா, அன்னிக்கு வேண்டாம்னியே, அவருதானே இவரு?"