எலிவேஷனுக்கு வராதீர்கள், அஸ்திவாரம் தோண்டும் முன் வாருங்கள்

சமீபத்தில் இன்னொரு குடும்பம் எங்கள் ஆர்க்கிடெக்ட் ஸ்டூடியோவுக்கு வந்தது. தளம் போட்டு, சென்டரிங் பிரித்து, உள்சுவர்களும் எழும்பியாகிவிட்டது. போன் நிறைய அழகழகான எலிவேஷன், அதாவது வீட்டு முகப்புப் படங்கள். "எல்லாம் முடிஞ்சுது, எலிவேஷன் மட்டும் நல்லா போட்டுக் கொடுங்க" என்றார்கள்.

சைட்டுக்குப் போய்ப் பார்த்தோம். படிக்கட்டின் பாதியில், தலைக்கு மேலே குறுக்காக ஒரு பீம். படிக்கு மேல் ஏழடியாவது இடைவெளி இருக்க வேண்டும். அங்கே டேப் வைத்து அளந்தால் ஐந்தரை அடிகூட வரவில்லை. "குனிஞ்சு போனா பழகிடும்" என்றார் வீட்டுக்காரர். அவருக்குப் பழகலாம். விருந்தாளிக்கு எப்படிப் பழகும்? இருட்டில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குகிறவருக்கு? படுக்கையறையில் கதவைத் திறந்தால் அலமாரியைத் திறக்க முடியாது. மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. இதில் எதை எலிவேஷன் போட்டுச் சரிசெய்வது?

இப்படி வருகிறவர்கள் கூடிக்கொண்டே போவதால்தான் இதை எழுதுகிறேன்.

ஆர்க்கிடெக்ட் என்றால் வீட்டுக்கு முகம் வரைந்து தருபவர் என்று பலர் நினைக்கிறார்கள். பிளான் யார் வேண்டுமானாலும் போடலாம், அழகு மட்டும் ஆர்க்கிடெக்ட் வேலை என்ற எண்ணம். உண்மை நேர்மாறானது. சன்னல் எங்கே வரும் என்பதைக் கட்டில் எங்கே கிடக்கும் என்பது தீர்மானிக்கிறது. கட்டில் எங்கே என்பதை வெயிலும் காற்றும் கதவும் தீர்மானிக்கின்றன. படிக்கட்டு ஓரடி நகர்ந்தால் மேல்மாடிப் பாத்ரூம் நகரும், பைப் நகரும், பீம் நகரும். இத்தனை முடிவுகளும் வெளியிலிருந்து பார்க்கும்போது தெரிவதுதான் எலிவேஷன். அதை முதலில் வைத்துக்கொண்டு உள்ளே அறைகளைத் திணித்தால், வெளியே சமமாகத் தெரிய வேண்டுமென்று டாய்லெட்டுக்குப் பெரிய சன்னலும் ஹாலுக்குச் சின்ன சன்னலும் வைக்க நேரும். வைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறோம்.

போனில் பார்க்கும் படம் வெப்பத்தைக் காட்டாது. புகழ்பெற்ற ஆர்க்கிடெக்ட் மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்து 1951இல் முடிந்த, அமெரிக்காவிலுள்ள ஃபார்ன்ஸ்வொர்த் வீடு, கட்டடக்கலை படிக்கும் எல்லோரும் பார்க்கும் வீடு. நான்கு பக்கமும் கண்ணாடி. படத்தில் அத்தனை அழகு. ஆனால் திறக்கிற சன்னல்கள் கிழக்குப் பக்கம் இரண்டே இரண்டு. குடியிருந்த எடித் ஃபார்ன்ஸ்வொர்த் கோடையில் வெக்கையிலும் குளிர்காலத்தில் கண்ணாடியில் வழியும் ஈரத்திலும் அவதிப்பட்டார். செலவு விவகாரத்தில் அவரும் மீஸும் கோர்ட்டு வரை போனார்கள். உலகப் புகழ்பெற்ற வீட்டிலேயே இந்த நிலை என்றால், யாருடைய மனைக்கோ யாரோ வரைந்த 3டி படத்தை நம் மனையில் அப்படியே இறக்குவது எவ்வளவு பெரிய துணிச்சல்! அந்தப் படங்களில் வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று ஒருமுறை பாருங்கள். வரைந்தவர் இஷ்டத்துக்குத்தான் விழும்.

எங்களுடையது சின்ன ஸ்டூடியோ. உங்களிடம் பேசுகிறவரே வரைகிறார், அவரே சைட்டுக்கும் வருகிறார். அதனால் ஒரே நேரத்தில் நிறைய வேலைகளை எடுப்பதில்லை. சின்ன இடத்தில் பெரிய வேலை நடக்காது என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசை 2002இல் பெற்ற ஆஸ்திரேலியாவின் கிளென் மர்கட் பெரும்பாலும் தனியாளாகவே வேலை பார்த்தவர்.

முதல் சந்திப்பில் எத்தனை அறை என்று கேட்கமாட்டோம். காலையில் முதலில் எழுவது யார், ஈரத்துணி எங்கே காயும், யாருக்கு முழங்கால் வலி, யார் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார் என்று கேட்போம். மனையைக் காலையிலும் மாலையிலும் போய்ப் பார்ப்போம். பிளான் ஓரளவு தேறியதும், சுண்ணாம்புத் தூளால் அதை மனையிலேயே முழு அளவில் கோடு போட்டு, குடும்பத்தையே உள்ளே நடக்கச் சொல்வோம். தாளில் "பத்துக்குப் பத்து போதும்" என்றவர் கோட்டுக்குள் நின்றதும், "இதிலயா கட்டில் போடுறது?" என்று கேட்பார். அந்தக் கேள்வி அன்றைக்கே வந்துவிட வேண்டும். கோட்டை அழித்துப் போடுவது சுலபம், சுவரை இடிப்பது அப்படியா?

அப்புறம் செக்ஷன். கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்ப்பதுபோன்ற வரைபடம். யாரும் கேட்டு வாங்குவதில்லை, கொடுத்தாலும் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் பீம் செக்ஷனில் முதல் பார்வையிலேயே மாட்டியிருக்கும். தயவுசெய்து கேளுங்கள். படிக்கட்டு வழியாக வெட்டிய செக்ஷன் ஒன்று கட்டாயம் வேண்டும்.

வரைபடம் கைக்கு வந்ததும், கட்டில், மேஜை, அலமாரி எல்லாம் உண்மையான அளவில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அறை பெரிதாகத் தெரிய வேண்டுமென்று கட்டிலைச் சுருக்கிப் போடுகிறவர்கள் உண்டு. எல்லாக் கதவும் எந்தப் பக்கம் திறக்கிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள். படி உயரம் ஆறிலிருந்து ஏழு அங்குலம், மிதிக்கும் அகலம் பத்து அங்குலத்துக்குக் குறையாமல், எல்லாப் படியும் ஒரே அளவு. ஒரே ஒரு படி உயரம் மாறினாலும் கால் தடுக்கும். மேற்குச் சன்னலுக்கு மேலே சன்ஷேட் மட்டும் போதாது. சாயங்கால வெயில் தாழ்வாக நேரே உள்ளே வரும். பக்கவாட்டுத் தடுப்போ மரமோ வேண்டும், இல்லாவிட்டால் சன்னலைச் சின்னதாக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் சன்னல் வைத்துவிட்டுக் காற்று வரவில்லை என்று சொல்லாதீர்கள், வந்த காற்று வெளியேற வழி வேண்டாமா?

பைப் விட மறந்துவிட்டோம் என்று பீமையோ தூணையோ கொத்தாதீர்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கேட்காமல் ஒரு ஓட்டைகூடப் போடக் கூடாது. மேஸ்திரி "ஒண்ணும் ஆகாது" என்றாலும் சரி.

ஏற்கெனவே தளம் போட்டுவிட்டீர்களா? அப்போதும் வாருங்கள், திட்டிக்கொண்டாவது பார்ப்போம். ஆனால் பூச்சு வேலையும் வயரிங்கும் தொடங்கும் முன்னால் வந்துவிடுங்கள். கதவை நகர்த்த, சன்னலைச் சுருக்க, உள்சுவரை மாற்ற அதுவரைக்கும் இடமிருக்கிறது.