எல்லாவற்றையும் டெலீட் செய்துவிட்டு வராதீர்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். மார்பிங் படத்தை, அதாவது முகத்தை வேறு உடலில் ஒட்டிய போலிப் படத்தை, வைத்து மிரட்டுகிறார்கள் என்று வருகிறவர்கள் இப்போது அதிகம். போன வாரமும் ஒரு அப்பா, புதுச்சேரிக்குக் கல்லூரி போய்வரும் மகளோடு வந்தார். போனை வாங்கிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. "பயந்துபோய் எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டோம் சார். அக்கவுண்டையும் எடுத்துட்டோம்" என்கிறார்.

தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் அழித்தது உங்கள் போனில் இருந்ததை மட்டும்தான். மிரட்டுகிறவனிடம் இருக்கும் படம் அப்படியே இருக்கிறது. அவன் அனுப்பிய மிரட்டல், கேட்ட பணம், பேசிய தேதி, வந்த கணக்கு, இவைதான் போயின. அவனுக்கு எதிரான சாட்சியை நீங்களே துடைத்துவிட்டீர்கள். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பினால் பத்திரம் என்று நினைப்பதும் இதே தப்புக்கணக்குதான். இன்னொரு போனில் அதைப் படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? பிரைவேட் அக்கவுண்ட் அந்நியரைத்தான் தடுக்கும். என்னிடம் வருவதில் பெரும்பாலும் படத்தை எடுத்தவர் நட்புப் பட்டியலுக்குள் இருந்தவர்: கூடப் படித்தவர், சொந்தக்காரப் பையன், சில்வர் பீச்சுக்குச் சேர்ந்து போனவர்.

மிரட்டல் வந்தால் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கணக்கின் பெயரை அவன் நொடியில் மாற்றிவிடுவான். அதனால் அதன் லிங்கையும் எடுத்துவையுங்கள். அப்புறம் பிளாக் செய்யுங்கள். பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தவரிடம்தான் திரும்பக் கேட்பார்கள். போனை ரீசெட் செய்யவே வேண்டாம். இந்த ஸ்கிரீன்ஷாட் போன்ற மின்னணு ஆவணத்தைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய, பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அசல் போன் கையில் இருந்தால் எங்கள் பாடு பாதி குறையும்.

புகாரை சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் கொடுக்கலாம். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். வீடு கடலூர், கல்லூரி புதுச்சேரி, மிரட்டுகிற பையன் பாகூர் என்றால் போலீசில் "அந்த ஸ்டேஷனுக்குப் போங்க" என்பார்கள். புகாரைப் பதியாமல் திரும்பி வராதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும். அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க ஸ்டாப் என்சிஐஐ தளம் இருக்கிறது, 18 வயதுக்குக் கீழ் என்றால் டேக் இட் டவுன். இரண்டிலும் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை.

இன்றைக்கே செய்யக்கூடியவை: இரண்டடுக்குச் சரிபார்ப்பை (டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்) போடுங்கள். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். நட்புப் பட்டியலையும் போன் நம்பரையும் மறையுங்கள். இருக்கும் இடத்தை அங்கிருந்து கிளம்பிய பிறகு போடுங்கள். பள்ளிச் சீருடையில் பிள்ளை படம் வேண்டவே வேண்டாம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். "நீ ஏன் போட்டோ போட்டே?" என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஆரம்பித்த வீடுகளில்தான் பிள்ளை மாதக்கணக்கில் வாயைத் திறக்காமல், நகையை அடகு வைத்துப் பணம் அனுப்பியிருக்கிறது. பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல் இருந்தால் வழக்குக்கு முன்னால் அதைக் கவனியுங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.