வாட்ச் காட்டும் கலோரியும் குன்னூர் ஏற்றமும்

போன மாதம் வந்தவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். வயது 63, பத்து வருடமாகச் சர்க்கரை. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் மூன்று மாதத்துக்கு முன் 7.1 ஆக இருந்தது இப்போது 7.8. "தினமும் நடக்கிறேன் டாக்டர், 450 கலோரி எரிக்கிறேன். அப்புறம் ஏன் ஏறுது?" என்று கையை நீட்டி வாட்சைக் காட்டினார். கூட வந்திருந்த அவர் மனைவி மெதுவாகச் சொன்னார்: "நடந்துட்டுத் திரும்பும்போது டீக்கடையில ரெண்டு பருப்பு வடை, சர்க்கரை போட்ட டீ. கேட்டா, அதான் எரிச்சாச்சேங்கிறார்."

வாட்சை வாங்கிப் பார்த்தேன். மகன் வாங்கிக் கொடுத்தது, அவரே அமைத்தும் கொடுத்திருக்கிறார். உள்ளே பதிவாகியிருந்த வயது 31, எடை 86 கிலோ. எதிரில் இருந்தவர் எடை 68. மகனின் உடம்புக்குப் போட்ட கணக்கை அப்பா மூன்று மாதமாக நம்பிக்கொண்டிருந்தார்.

அவர் நடப்பது பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்போர்டு வழியாக சிம்ஸ் பார்க் வரை ஏற்றம், அதே வழியில் இறக்கம். மொத்தம் 40 நிமிடம். பேப்பரை எடுத்து அவர் முன்னாலேயே கணக்குப் போட்டேன். ஏற்றத்துக்கு 130 கலோரி, இறக்கத்துக்கு 60, 70. ஆக 200ஐ ஒட்டித்தான் வந்தது. என்னுடையதும் தோராயம்தான். ஆனால் 450க்கு வழியே இல்லை. அந்த 200லும், சும்மா உட்கார்ந்திருந்தாலே அந்த நேரத்தில் உடம்பு செலவழிக்கும் 45 கலோரி அடக்கம். ஒரு பருப்பு வடையே 100 கலோரியைத் தாண்டிவிடும்.

கலோரியை வாட்ச் அளப்பதில்லை, ஊகிக்கிறது. ஆய்வுக்கூடத்தில் என்றால் முகத்தில் மாஸ்க் மாட்டி, உடம்பு எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று அளப்பார்கள். ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு ஏறக்குறைய 5 கலோரி. வாட்சிடம் இருப்பதோ, அடியில் மினுங்கும் பச்சை விளக்கு, கை அசைவைக் கவனிக்கும் சென்சார், நாம் கொடுத்த வயது, எடை, உயரம். பச்சை விளக்கு தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தை வைத்து நாடித்துடிப்பைக் கண்டுபிடிக்கும். மிச்சமெல்லாம் சூத்திரம்.

2017ல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு ஏழு வகைக் கருவிகளைக் கட்டிச் சோதித்தார்கள். நாடித்துடிப்பில் ஏழில் ஆறு, 5 சதவீதத்துக்கும் குறைவான பிழையோடு காட்டின. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். அதற்குப் பிறகு கருவிகள் மாறியிருக்கின்றன. ஆனால் மணிக்கட்டிலிருந்து ஊகிக்கும் முறை மாறவில்லை.

நம் மலையில் இந்த ஊகம் இன்னும் தடுமாறும். 10 சதவீத ஏற்றத்தில் நடக்க, அதே வேகத்தில் சமதரையில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். இறக்கத்தில் செலவு குறையும், முழங்காலுக்கு மட்டும் வேலை கூடும். உயரத்தைக் கவனிக்காத, மணிக்கட்டில் கட்டும் மலிவு ஃபிட்னஸ் பேண்டுக்குக் கை வீச்சு ஒன்றுதான் தெரியும். அப்புறம் காற்று. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் ஒரு மூச்சில் கிடைப்பது கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய முக்கால் பங்கு. கீழிருந்து புதிதாக வந்தவருக்கு அதே நடைக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். செய்த வேலை அதேதான், ஆனால் வாட்ச் அதைக் கூடுதல் கலோரியாக எழுதிவிடும்.

குளிரை நானே சோதித்துப் பார்த்தேன். ஜனவரியில் ஊட்டி ஏரிப் பக்கம், புல்லெல்லாம் உறைபனி. நடக்க ஆரம்பித்து ஐந்து நிமிடத்தில் வாட்ச் நாடித்துடிப்பு 118 என்று காட்டியது. எனக்கு மூச்சு வாங்கவே இல்லை. நின்று, கழுத்தில் விரல் வைத்து 15 நொடி எண்ணினேன்: 23 துடிப்பு. அதாவது 92. திரும்ப நடந்து காலடியை எண்ணினால் நிமிடத்துக்கு 118. குளிரில் மணிக்கட்டு ரத்தக்குழாய்கள் சுருங்கிவிட்டதால், வாட்ச் நாடியை விட்டுவிட்டுக் காலடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. உடம்பு சூடேறிய பிறகுதான் இரண்டும் ஒத்துவந்தன.

ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மெட்டோபுரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது நேர்மாறாக நடக்கும். அந்த மருந்து நாடியைக் குறைத்து வைப்பதால் கலோரியும் குறைவாகவே தெரியும். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வாட்சைப் பார்த்து மருந்தின் அளவையோ சாப்பாட்டையோ தயவுசெய்து மாற்றாதீர்கள். சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி, ஆளில்லாத எஸ்டேட் பாதையில் மயங்கி விழ நேரலாம்.

என்னை ரொம்பவே பாதித்தது இன்னொரு சம்பவம். கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவருக்கு, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் பேண்ட் வாங்கிக் கட்டிவிட்டிருக்கிறாள். எட்டு மணி நேரம் சரிவில் நின்று பறித்து, 20 கிலோ மூட்டையை எடை போடும் இடம் வரை சுமந்துவிட்டு வந்த நாளில் பேண்ட் காட்டியது 180 கலோரி. "அப்போ நான் ஒண்ணுமே செய்யலையா டாக்டரம்மா?" என்று கேட்டார். முதுகில் இருந்த மூட்டை அந்தப் பேண்டுக்குத் தெரியாது. சரிவில் கால் ஊன்றி நிற்பதும் தெரியாது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு இதைத்தான் சொன்னேன். நன்றாகச் சாப்பிடச் சொன்னேன்.

வாட்சைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. நிமிடமும் காலடியும் உதவும், உடம்பு சூடானபின் நாடியும் உதவும். உங்கள் வயது, எடையைச் சரியாகப் போடுங்கள். ஸ்வெட்டர் மேலே கட்டாமல், தோலோடு ஒட்டி, மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே கட்டுங்கள். அதே பாதை, அதே வாட்ச் என்று போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிடுங்கள். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் மிதம்.

வங்கிக்காரரின் வாட்சில் கலோரி வரும் திரையை அன்றைக்கே எடுத்துவிட்டு, அவர் வயதையும் எடையையும் போட்டுக் கொடுத்தேன். போன வாரம் பெட்போர்டில் எதிரே வந்தார். "32 நிமிஷம் ஆச்சு டாக்டர்" என்று கையைக் காட்டிவிட்டு நிற்காமல் ஏறிப் போனார்.