கான்செப்ட்: தமிழில் வடிவக்கரு

ஒரு பொருளைச் செய்யுமுன், அது எப்படி இயங்கப்போகிறது என்று மனத்தில் முதலில் பிடிபடும் உருவத்தைப் பொருள் வடிவமைப்பில் கான்செப்ட் என்கிறார்கள். அளவும் நிறமும் பிறகுதான். 'கொன்கிப்பெரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். உள்வாங்குதல், கருவுறுதல் இரண்டும் அதன் பொருள்.

கருத்துரு என்ற தமிழ்ச்சொல் ஏற்கெனவே இருக்கிறது. நல்ல சொல்தான். ஆனால் அரசு அலுவலகத்தில் "கருத்துரு அனுப்பியாச்சு" என்றால் மேலிடத்துக்குப் போன முன்மொழிவு என்றே அர்த்தம். அதனால் நான் வடிவக்கரு என்கிறேன். லத்தீன் சொல்லில் இருக்கும் சூல் இதிலும் இருக்கிறது.

பாம்பனைப் பாருங்கள். ரயிலும் கடலைக் கடக்க வேண்டும், கப்பலுக்கும் வழி வேண்டும். 1914-ல் திறந்த பாலத்தில் இரண்டு இறக்கைகள் இருபுறமும் மேலே விரிந்தன. 2025-ல் திறந்த புதுப் பாலத்திலோ 72.5 மீட்டர் நீளத் தூக்குப்பகுதி படுத்தவாக்கிலேயே மேலே ஏறுகிறது. தேவை ஒன்று, வடிவக்கரு இரண்டு.

இந்தக் கருவைப் பிடிப்பது கற்பனை. 'கல்பனா' என்ற வடசொல்லின் வேருக்கு ஒழுங்குபடுத்துதல், உருவாக்குதல் என்றே பொருள். தமிழில் புனைவு. மாலை தொடுப்பதும் புனைதல், ஓவியம் தீட்டுவதும் புனைதல், பாட்டுக் கட்டுவதும் புனைதல். கைவேலையையும் மனவேலையையும் ஒன்றாகப் பார்த்த சொல்லை 'இல்லாததைச் சொல்வது' என்று நாம் சுருக்கிவிட்டது எனக்கு வருத்தம்தான்.

ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடம் கரையில் வத்தை என்ற மரப்படகு கட்டும் ஆசாரி ஒருவரிடம், "அண்ணே, வரைபடம் எதுவும் கிடையாதா?" என்று கேட்டேன். குத்தவைத்து உட்கார்ந்து ஈரமணலில் விரலால் ஒரு வளைவு இழுத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு உள்ளங்கையால் அழித்துவிட்டு, ஏராவை, அதாவது படகின் அடிமரத்தை, மேலேற்றி மறுபடி இழுத்தார்.

"ஏன் அழிச்சீங்க?"

"வடகடல்ல தண்ணி கம்மி தம்பி. முதல்ல போட்டது மணல்ல தட்டிருச்சு."

மரம் இன்னும் வாங்கவில்லை. அவர் மனத்துக்குள் படகு கடலில் இறங்கி, தரைதட்டி, திரும்பியும் வந்துவிட்டது.

டிசைன் என்ற சொல்லின் வேர் 'சிக்னும்', அடையாளக்குறி. மணலில் விழுந்த கோடு அதுதான். அதற்கு வடிவமைப்பு என்ற சொல் போதும். அந்தக் கோட்டை அழிக்கச் சொன்னது வடிவக்கரு.

பயன்பாடு: "பாசி வளர்க்கும் மூங்கில் மிதவை காற்றுக்காலத்தில் தாங்கவில்லை; வேறு வடிவக்கரு யோசிப்போம்."